அறைக்கு வெளியே போன பெயர்

இடைசெவல்
16-2-2004

கோகுலகிருஷ்ணனுக்கு ஆச்சி சுந்தரம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் கொதித்துக்கொண்டு கிடக்கிறது.

நேற்று சீனி கடைக்குப் போன் பண்ணினாய். "ஆச்சி, நான் அமெரிக்கா போகலை, வேற ஆளு போறாரு" என்று சொல்லி டொக்கென்று வைத்துவிட்டாய். நான் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சீனி கேட்கிறான்: "என்ன ஆச்சி, பேரன் எந்தத் தேதி ஏறுதானாம்?" நான் என்னத்தைச் சொல்ல? "சொல்லுதேன், சொல்லுதேன்" என்று மழுப்பிவிட்டு, வாங்கப் போன சீயக்காயை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஊரெல்லாம் சொன்னது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. கழுகுமலைக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். அய்யரிடம் அமெரிக்கா என்று இரண்டு தரம் சொன்னேன், ஒரு தரம் அவர் காதில் விழாவிட்டாலும் என்று. உன் அய்யா கோவில்பட்டியில் உன் கோட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறான். தையல்காரர், "குளிருக்கு உள்ள கம்பளி வச்சுத் தைக்கவா அண்ணாச்சி?" என்று ஆள் விட்டுக் கேட்கிறார். கம்பளி வைக்கவா, வேண்டாமா? நீயே சொல்.

யார் அந்த வேறு ஆள்? உன்னைவிடப் பெரிய படிப்பா? ஒரு காரணமும் இல்லாமல் யாரும் யாரையும் நிறுத்த மாட்டார்கள். நீ என்ன செய்தாய்? போனில் சொல்லாதே. அந்தக் கடையில் பேசினால் கடையே காது கொடுக்கும். கடிதமாக எழுது. மறைக்காமல் எழுது.

சுந்தரம்மாள்


சென்னை
22-2-2004

அன்புள்ள ஆச்சிக்கு,

போனை அப்படி வைத்திருக்கக் கூடாது. பேசினால் உங்கள் குரல் மாறுவதைக் கேட்க வேண்டியிருக்கும் என்று பயந்துவிட்டேன். கம்பளி வேண்டாம். கோட்டே வேண்டாம் என்று அய்யாவிடம் சொல்லிவிடுங்கள்.

நடந்தது இதுதான். அமெரிக்காவில் ஒரு கம்பெனிக்கு அறுபது மருந்துக் கடைகள். அந்தக் கடைகளுக்கு ஆர்டர் பதிவாகிற சாஃப்ட்வேரை நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். என் டீமில் என்னைத் தவிர எட்டுப் பேர். நான் டீம் லீடர். வேலையைப் பிரித்துக் கொடுப்பது, சொல்லிக் கொடுப்பது, தப்பு வந்தால் முன்னால் நிற்பது என் பொறுப்பு. போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, சோதனைக்கு வைத்திருக்கிற நகல் என்று நினைத்து, கடைகள் நிஜமாகப் புழங்குகிற இடத்தில் போய் ஆர்டர்களை அழித்துவிட்டாள். நான்கு மணி நேரத்து ஆர்டர்கள் போயின. மருந்துக்காக ஆட்கள் கடை கடையாகத் திரும்பிப் போயிருக்கிறார்கள். சின்ன விஷயமில்லை.

ஆனால் அழித்த பத்தாவது நிமிஷம் அவளே ஓடி வந்து என்னிடம் சொல்லிவிட்டாள். சொன்னதால்தான் நான்கு மணி நேரத்தோடு நின்றது. சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு நாள் முழுக்கப் போயிருக்கும். சேர்ந்து மூன்று வாரமே ஆன பெண்ணுக்கு அந்த இடத்துப் பாஸ்வேர்டைக் கொடுத்தது யார்? நான்தான். அவசரத்தில் கொடுத்தேன்.

எங்கள் அறைப் பலகையில் நான் முதல் நாளே எழுதி வைத்தது ஒன்று உண்டு. தப்பு நடந்தால் அன்றைக்கே என்னிடம் சொல்ல வேண்டும்; சொன்னவர் பெயர் இந்த அறைக்கு வெளியே போகாது. எங்கள் மேலதிகாரி தங்கப்பாண்டியன் சார் கூப்பிட்டு, "யாருப்பா செஞ்சது? பேரைச் சொல்லிட்டு நீ பிளைட் ஏறு" என்றார். என் டீம் செய்தது, பொறுப்பு என்னுடையது என்றேன். மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதையேதான் சொன்னேன். எனக்குப் பதிலாகப் பாலகணேஷ் போகிறான். நல்ல பையன், அவன் மேல் கோபப்படாதீர்கள்.

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். அதனால் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அவள் பெயர் சுதாராணி. நம் எப்போதும்வென்றான் ஊர்ப் பிள்ளை. அப்பா ஆடு மேய்க்கிறவர். அந்த வீட்டில் முதல் சம்பளக்காரி அவள்தான். இது உங்களோடு இருக்கட்டும்.

கோகுல்


இடைசெவல்
1-3-2004

கோகுலகிருஷ்ணனுக்கு,

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். நாலாவது தரமும் எனக்குப் புத்தியில் ஏறவில்லை. அழித்தவள் அவள். நிற்கிறவன் நீயா?

அந்தப் பிள்ளை உனக்கு என்ன வேண்டும்? நேராகவே கேட்கிறேன். ஒன்றும் வேண்டாம் என்றால் எதற்காகக் கழுத்தை நீட்டினாய்? ஆடு மேய்க்கிற வீடு என்கிறாய். நாம் என்ன ஆனை கட்டின வீடா? உன் தாத்தாவும் ஆட்டுக்குப் பின்னால் நடந்தவர்தான். அதை என்னிடம் இரக்கத்துக்குச் சொல்லாதே.

நான் இருபத்தாறு வருஷம் தீப்பெட்டி ஆபீசில் இருந்தவள். அதில் பதினாலு வருஷம் மேற்பார்வை. படித்தது அஞ்சாம் வகுப்பு. எனக்குக் கீழே அறுபது பெண்கள். கட்டு ஒவ்வொன்றிலும் அடைத்தவள் நம்பர் எழுதிய சீட்டு இருக்கும். பெட்டியில் குச்சி குறைந்தால் நம்பரைப் பார்ப்பேன், பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். ஷெட்டே திரும்பிப் பார்க்கும். மறுநாள் அவள் கை தானாகத் திருந்திவிடும். மற்றவர்களுக்கும் ஒரு பயம் இருக்கும். ஒருத்தி தப்புக்கு அறுபது பேர் தலை குனியக் கூடாது. அதுதான் நியாயம் என்று நான் நடந்தேன். ஒரு முதலாளியும் என்னைப் பார்த்து ஒரு சொல் கேட்டதில்லை.

நீ பலகையில் எழுதி வைத்தது பிள்ளைகளுக்குச் சலுகை. தப்புச் செய், என்னிடம் சொல், உனக்கு ஒன்றும் வராது! நல்லா இருக்குதுலே உன் கம்பெனி.

தங்கப்பாண்டியன் என்கிறவர் தீபாவளிக்கு நம் வீட்டுக்கு ஸ்வீட் அனுப்பினார். கூடவே தமிழில் கையெழுத்துப் போட்டு ஒரு கார்டு. விருதுநகர்ப் பக்கத்து ஆள் என்று நீதான் சொன்னாய். அந்தக் கார்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. விலாசமும் அதிலேயே இருக்கிறது. எழுதியிருக்கிறதைப் பார்த்தால் நியாயம் தெரிந்த மனுஷர் மாதிரித்தான் தெரிகிறது. நீ வாயை மூடிக்கொண்டு இரு. மூடி இருக்கத்தான் உனக்குத் தெரியுமே.

சுந்தரம்மாள்


சென்னை
17-3-2004

ஆச்சி,

இன்று காலை தங்கப்பாண்டியன் சார் அறையில் என்னுடைய கடிதத்தைப் பார்த்தேன். நான் உங்களுக்கு எழுதிய கடிதம். உங்கள் கடிதத்தோடு குண்டூசி போட்டுக் குத்தியிருந்தது. "அத்தாட்சி இணைத்துள்ளேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் வேறு யாரோ எழுதியது என்று நினைக்க முயன்றேன். ழகரத்தின் வாலை அப்படி இழுத்து எழுத உங்களைத் தவிர யாருக்கு வரும்?

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஏம்ப்பா கோகுல், உங்க ஆச்சிக்கு இருக்க நேர்மைல பாதிகூட உனக்கு இல்லையே." அவர் சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சுதாராணியை நேற்று மத்தியானம் கூப்பிட்டு, ராஜினாமா எழுதிக் கொடு என்றிருக்கிறார்கள். கொடுத்துவிட்டாள். பெயர் எப்படி வெளியே போனது என்று அவள் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலாவது நான் சொல்லவில்லை என்று சொல்லியிருப்பேன். தன் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

இதோடு முடியவில்லை. மாயகிருஷ்ணன் என்று ஒரு பையன், என் டீமில் மூத்தவன். கடைகளில் மருந்து இருப்பைக் காட்டுகிற இடத்தில் போன வாரம் ஒரு தப்பு விட்டிருக்கிறான். உங்களை மாதிரி ஒருவர் எழுதிப் போட்டுவிட்டார் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் காற்றில் என்னவோ மாறிவிட்டது என்று தெரிந்திருக்கிறது. தங்கப்பாண்டியன் சார் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்த நேரம். மூன்று நாள் மூடி வைத்திருந்தான். இன்றைக்குக் கடைக்காரர்களே கண்டுபிடித்துப் போன் பண்ணினார்கள். "ஏன்டா சொல்லலை?" என்று கேட்டேன். பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பலகையை நானே அழித்துவிட்டேன்.

பதினாலு வருஷம் மேற்பார்வை என்று எழுதினீர்கள். அந்த மேற்பார்வையை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். எட்டு வயதில் உங்களுக்குச் சோற்றுவாளி கொண்டுவந்தேனே, அன்றைக்கு. பேபி என்ற அக்காவை நடு ஷெட்டில் நிறுத்தி வைத்திருந்தீர்கள். அவள் அடைத்த கட்டில் குச்சி உரசித் தீப்பிடித்ததாம், அணைத்துவிட்டுச் சொல்லாமல் ஒளித்து வைத்தாளாம். அவள் பெயரை நீங்கள் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். அறுபது பேரும் குனிந்து குச்சி அடைத்தார்கள். ஒளித்து வைத்தாள் என்று திட்டினீர்களே, ஏன் ஒளித்தாள் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? எனக்கு அன்றைக்கே தெரிந்தது. உங்களிடம் சொல்லப் பயந்துதான்.

என் பலகையில் எழுதியிருந்தது அந்த ஷெட்டில் கற்றதுதான்.

இனி எனக்கு எழுதாதீர்கள்.

கோகுலகிருஷ்ணன்


இடைசெவல்
24-3-2004

எழுதாதே என்றால் நிறுத்திவிட நான் உன் டீமில் இல்லை.

பேபி கதையை எடுத்தாயே. பாதியைப் பார்த்துவிட்டு முழுசாகப் பேசுகிறாய். அன்றைக்குத் தீ பக்கத்துக் கட்டில் பிடித்திருந்தால் என்ன ஆகும்? கூரை மேலே தகரம், கீழே அறுபது பேர், வெளியே போக ஒரே வாசல். அவள் ஒளித்தது குச்சியை இல்லை, அறுபது உயிரை. நான் கத்தியது அதற்கு. இன்றைக்கும் கத்துவேன்.

அவள் மறுநாள் வேலைக்கு வரவில்லை. எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. அதையும் எழுதிவிட்டேன், போ.

ஏன் ஒளித்தாள் என்று தோன்றவில்லையா என்கிறாய். இந்தக் கேள்வியோடுதான் நாலு நாளாக எழுந்திருக்கிறேன். அதற்கு உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியாது.

உன் கடிதத்தை அனுப்பியது தப்பு என்று உன் அம்மை சொல்கிறாள். அவள் எப்போது என்னை எதிர்த்துப் பேசினாள்? இந்த வீட்டில் இப்போது எல்லாருக்கும் வாய் வந்துவிட்டது. "ஒங்களுக்குன்னு நம்பி எழுதினதை ஊரானுக்கு அனுப்புவீயளா அத்த? ஏம் புள்ள இனிமே யாருக்கு எழுதுவான்?" என்று அடுப்படியில் நின்று கேட்கிறாள். நான் சாப்பிடவில்லை.

அந்தப் பிள்ளை ஊருக்கு வந்துவிட்டாளாம். போய்ப் பார்க்கப்போகிறேன். உனக்காக இல்லை.

சுந்தரம்மாள்


இடைசெவல்
8-4-2004

கோகுலகிருஷ்ணனுக்கு,

நீ பதில் போட மாட்டாய். படிப்பாய் என்று தெரியும்.

நேற்று எப்போதும்வென்றானுக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, அதற்கு மேல் வெயிலில் ஒரு மைல் நடை. பருத்தி எடுத்து முடிந்து காடெல்லாம் வெறும் பருத்திமாராக, காய்ந்த குச்சியாக நிற்கிறது. வீட்டு வாசலில் அவள் அம்மா வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தாள். நான் இன்னார் என்று சொன்னதும் முள்ளைக் கீழே போட்டுவிட்டு, "வாங்கம்மா, கோகுல் சார் வீட்டு ஆச்சியா! சார் ரொம்ப நல்லவிய. எம் புள்ளையக் காட்டிக் கொடுக்கவே மாட்டேன்னுட்டாவளாமே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கையை உதற வேண்டும் போல இருந்தது.

அங்கேயே நின்றபடி சொல்லிவிட்டேன். "காட்டிக் கொடுத்தது நாந்தான். கடுதாசி எழுதிப் போட்டேன்." கை தானாக விட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவள் பேசியதை எல்லாம் நான் எழுத முடியாது. "ஒம் பேரன் பிளேன்ல ஏறணும்னு எம் புள்ளையக் கீழ தள்ளினியா? நீ தாயா பேயா?" என்று தொடங்கினாள். முள் வெட்டுகிற அரிவாள் அவள் கையில் இல்லாதது என் அதிர்ஷ்டம். பேசட்டும் என்று நின்றேன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

சுதாராணி உள்ளே இருந்து வந்தாள். ஒல்லிப் பிள்ளை. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்குத் தைக்கட்டும்.

"ஆச்சி, ஒங்க மேல கோவந்தான். ஆனா ஒங்க பேரன் மேல அதுக்கு முன்னாலயே கோவம். அன்னைக்கு டீம் மீட்டிங்ல நான் எந்திரிச்சேன், மேலதிகாரிகிட்ட நானே போயி நாந்தான் செஞ்சேன்னு சொல்லுதேன்னேன். கோகுல் சார் என் தோளைப் புடிச்சு அமுக்கி, 'உக்காரு, நான் பாத்துக்கிடுதேன்'னுட்டாரு. ரெண்டு மாசமா அந்த ரூம்ல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சுப் பேசுனாவ. ஒவ்வொரு சிரிப்பும் எனக்குப் பிச்சை போட்ட மாதிரி இருந்துச்சு. என் தப்பை நான் சொல்லிருந்தா, திட்டு வாங்கிட்டு நிமிந்து உக்காந்திருப்பேன். ஒருத்தர் என்னைக் கேக்காம மறைச்சாரு. ஒருத்தர் என்னைக் கேக்காம எழுதுனீய. ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?"

இதைக் கேட்டுவிட்டு நான் ஒரு மைல் நடந்தேன். பஸ்ஸில் இடமிருந்தும் உட்காரவில்லை.

நீ தோளைப் பிடித்து அமுக்கியதை உன் கடிதத்தில் எழுதவில்லையே? மறைக்காமல் எழுது என்று நான் கேட்டேனே.

சுந்தரம்மாள்


இடைசெவல்
21-4-2004

ஏலே,

ஞாயிற்றுக்கிழமை நீ எப்போதும்வென்றானுக்கு வந்துவிட்டுப் போனாயாம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்ததாகச் சீனி சொல்கிறான். கடையில் நாலு பேர் முன்னால் சொல்கிறான்: "ஆச்சி, பேரனைப் பாத்தேன், நம்ம ஊர் பஸ்ஸை விட்டுட்டு வேற பஸ்ல ஏறுதான், வழி மறந்துட்டானோ?" இடைசெவலுக்கு எட்டு மைல். உன் அம்மை ஒரு மாசமாக வாசலைப் பார்க்கிறாள். என் முகத்தில் முழிக்க வேண்டாம். அவள் என்ன பாவம் செய்தாள்?

சுந்தரம்மாள்


சென்னை
2-5-2004

ஆச்சி,

வந்தது உண்மை. வீட்டுக்கு வந்திருந்தால் உங்களிடம் கத்தியிருப்பேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு நேற்று போன் பேசிவிட்டேன்.

தோளைப் பிடித்து உட்காரவைத்ததை நான் மறைக்கவில்லை. எனக்கு அது மறைக்க வேண்டிய விஷயமாகவே தெரியவில்லை, நல்ல காரியம் என்றே நினைத்திருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்தபோது உங்களைத்தான் திட்டினேன். பிறகுதான் ஊருக்கு வந்தேன்.

சுதாராணி என்னை உட்காரச் சொன்னாள். மோர் கொடுத்தாள். அதன் பிறகு, "சார், நீங்க நல்ல லீடர்னு எல்லாரும் சொல்லுவாவ. எனக்கு நீங்க சொல்லிக் கொடுத்த வேலை எல்லாம் மறக்காது. ஆனா எனக்காக நீங்க பேசினப்போ, நான் பேச முடியாதவன்னு முடிவு பண்ணிட்டீய" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். "சரி சார்" என்றாள். அந்தச் 'சரி'யில் ஒன்றுமே இல்லை, ஆச்சி.

அவளே தங்கப்பாண்டியன் சாருக்கும் அமெரிக்கக் கம்பெனிக்கும் தன் பெயரில் எழுதினாள். என்ன செய்தேன், எத்தனை மணிக்கு, எப்படித் தெரிந்தது, இனி அந்தத் தப்பு யாருக்கும் வராமல் இருக்க என்ன தடுப்பு வைக்க வேண்டும் என்று மூன்று பக்கம். நான் ஒரு சொல் திருத்தவில்லை. கேட்டால் திருத்தியிருப்பேன், அவள் கேட்கவில்லை. அந்தத் தடுப்பை வைத்துவிட்டார்கள். இதை எழுதியவளை ஏன் வேலையை விட்டு அனுப்பினீர்கள் என்று அமெரிக்காவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். தங்கப்பாண்டியன் சார் இப்போது சிரிக்கவில்லை.

பதினேழாம் தேதி திங்கட்கிழமை திரும்ப வேலைக்குச் சேர்கிறாள். பதினாறாம் தேதி சாயந்தரம் கோவில்பட்டியில் பஸ் ஏறுவாள். என் டீமுக்கு இல்லை. வேறு டீம் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் சரி என்று கையெழுத்துப் போட்டேன். கை கொஞ்சம் நின்றது. போட்டேன்.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன்.

கோகுல்


இடைசெவல்
18-5-2004

கோகுலகிருஷ்ணனுக்கு,

உன் கோபத்தை நீயே வைத்துக்கொள். எனக்கு என்னுடையது இருக்கிறது.

பதினாறாம் தேதி சாயந்தரம் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. தின்பண்டம் கொடுத்து வாயை அடைக்க வந்தாள் என்று ஆகிவிடும். சென்னை பஸ் நின்றுகொண்டிருந்தது. அவளும் அம்மாவும் பெட்டியும். அம்மாக்காரி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பக்கத்தில் போய், "தாயி, நல்லபடியாப் போயிட்டு வா" என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

அவள் மெதுவாகப் பேசவில்லை. "சுந்தரம்மாள் ஆச்சி, நீங்க எனக்குச் செஞ்சது தப்பு" என்றாள்.

அந்தக் கூட்டத்தில் கண்டக்டர் இருந்தான், பூ விற்கிறவள் இருந்தாள், நம் ஊர் மாடக்கண்ணு மகள் கைப்பிள்ளையோடு நின்றிருந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையோ பேரை நான் இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். என்னை யாரும் கூப்பிட்டதில்லை. காது இரண்டும் சுட்டது. உன் தாத்தா பெயரைச் சொல்லி ஏதாவது பேசிச் சமாளிக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"ஆமா தாயி. தப்புத்தான்" என்றேன். சத்தமாகவே சொன்னேன், பூக்காரிக்கும் கேட்கிற மாதிரி.

"சரி" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். சன்னல் பக்கம் உட்கார்ந்தும் என்னைப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? பஸ் போகிற வரைக்கும் நின்றேன்.

இப்போது உன் விஷயம். நீ அவள் வீட்டில் மோர் குடித்துவிட்டு, நாலு சுவருக்குள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். உன் டீமில் மற்ற ஏழு பேரிடம் சொன்னாயா? எந்திரிச்சு நின்ற பிள்ளையை அமுக்கி உட்காரவைத்தது என் தப்பு என்று அவர்கள் முன்னால் சொன்னாயா? உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன், அப்படி ஒரு வரி இல்லை. அவர்கள் எல்லாரும் இன்னும் நீ அவளைக் காப்பாற்றினாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெயரை நீயும் வைத்துக்கொண்டிருக்கிறாய். அமெரிக்காவைவிட உனக்கு அதுதான் பெரிதாக இருந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் பேராசை என்று நினைத்தாயோ?

போய்ச் சொல். சொன்ன பிறகு எழுது. கவரில் எழுதாதே, தபால் கார்டில் எழுது. தபால்காரர் முப்பிடாதி படிக்கட்டும், சீனி கடையில் வைத்து ஊரே படிக்கட்டும். மூடின கவர் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சுந்தரம்மாள்